ஜூலை முதலாம் திகதி, மதியம் வரை அரைக்கம்பம்

ஜூலை முதலாம் திகதி வந்தால் முகநூல் முழுக்கச் சிவப்பு மேப்பிள் இலைதான். டொரொன்டோவிலும் மொன்றியலிலும் இருக்கும் நம்முடைய நண்பர்கள், உறவினர்கள், பழைய மாணவர்கள் எல்லாரும் "கனடா தின வாழ்த்துகள்" என்று போடுவார்கள். நாமும் ஒரு லைக் போட்டுவிட்டுக் கடந்து போவோம். 1867 இல் கனடா என்ற நாடு உருவான நாள் அது. சந்தோசப்பட வேண்டிய நாள்தான்.

ஆனால் அதே கனடாவின் கிழக்குக் கோடியில், அட்லாண்டிக் சமுத்திரத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நியூபவுண்ட்லாந்து என்ற பெரிய தீவில், அன்று காலை யாரும் பட்டாசு கொளுத்துவதில்லை. மதியம் வரை கொடிகள் அரைக்கம்பத்தில் நிற்கும். மக்கள் நீல நிறத்தில் ஒரு சின்னப் பூவைச் சட்டையில் குத்திக்கொண்டு போர் நினைவுத்தூபியடியில் கூடி நிற்பார்கள். கனடா தினம் அதற்குப் பிறகுதான்.

ஒரே நாடு, ஒரே திகதி. பாதி நாள் மையத்து வீடு, பாதி நாள் கல்யாண வீடு. இப்படி ஒரு நாளை இரண்டாக வெட்டி வைத்திருப்பது ஒரு காலாட்படைப் படையணியின் கதை. அதன் பெயர் ரோயல் நியூபவுண்ட்லாந்து ரெஜிமென்ட். இன்று அது கனடா இராணுவத்தின் ஒரு படையணி. ஆனால் அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்த ஒரு சண்டைகூடக் கனடாவுக்காகச் செய்யப்பட்டதல்ல. இந்த முரண்பாட்டைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

முதலில் அந்தத் தீவைப் பற்றிக் கொஞ்சம். 1914 இல் நியூபவுண்ட்லாந்து கனடாவின் பகுதி அல்ல. கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து போல அதுவும் பிரித்தானிய முடியின் கீழ் தன்னைத்தானே ஆண்டுகொண்ட தனி நாடு. சொந்தப் பிரதமர், சொந்தப் பாராளுமன்றம், சொந்தமாக அச்சடித்த முத்திரை எல்லாம் இருந்தன. சனத்தொகை மட்டும் இரண்டரை இலட்சத்துக்கும் குறைவு. வாழ்வாதாரம் கொட் மீன். பிடித்து, உப்பிட்டு, காயவைத்து ஏற்றுமதி செய்வார்கள். நம் பாசையில் சொன்னால் கருவாடு. கரையோரத்துச் சின்னச் சின்ன ஊர்களில் இருந்த மீனவன், வசந்த காலத்தில் முதலாளியிடம் மாவும் வலையும் கடனுக்கு எடுப்பான். இலையுதிர் காலத்தில் கருவாட்டைக் கொடுத்துக் கணக்குத் தீர்ப்பான். வாழ்நாளில் கையில் காசைக் காணாமலே மௌத்தானவர்கள் ஏராளம். கடற்கரை ஊர்களில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

யுத்தம் தொடங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான் அந்தத் தீவு ஒரு பெரிய சாவைக் கண்டிருந்தது. 1914 மார்ச் கடைசியில், கடல்நாய் வேட்டைக்குப் பனிப்பாறைகளுக்கு நடுவே போன ஒரு கப்பலின் ஆட்கள் இரண்டு இரவுகள் பனிப்புயலுக்குள் கைவிடப்பட்டு 78 பேர் உறைந்து செத்தார்கள். அதே புயலில் இன்னொரு கப்பல் 170க்கும் அதிகமானவர்களோடு அப்படியே காணாமல் போனது. ஓகஸ்ட்டில் யுத்தம் வந்தது.

அந்த நாட்டில் இராணுவமே இல்லை. பிரித்தானியக் காவற்படை 1870 இலேயே திரும்பிப் போய்விட்டது. இருந்ததெல்லாம் மதப்பிரிவுகள் நடத்திய பையன்களின் அணிகள். அங்கிலிக்கனுக்கு ஒன்று, கத்தோலிக்கனுக்கு ஒன்று, மெதடிஸ்தனுக்கு ஒன்று, பிரஸ்பிட்டேரியனுக்கு ஒன்று. பாடசாலைகளும் அப்படித்தான், ஒவ்வொரு சபைக்கும் தனித்தனி. (ஒரே ஊரில் மதத்துக்கொரு பாடசாலை என்பது நமக்கும் புதிதல்லவே.) இந்த நான்கு அணிகளிலிருந்தும் வந்த பையன்கள் முதல்முறையாக ஒரே கூடாரத்தில் படுத்து, ஒரே கோப்பையில் தேநீர் குடித்தது சென்ற் ஜோன்ஸ் நகருக்குப் பக்கத்தில் ஓர் ஏரிக்கரையில் போட்ட முகாமில்தான். ஒரு நாடு தன்னை நாடாக உணர்வதற்குச் சில நேரம் இப்படி ஓர் இடம் தேவைப்படுகிறது. அது பாடசாலையாக இல்லாமல் படைமுகாமாக இருந்தது என்பதுதான் ஓர் ஆசிரியனாக எனக்குக் கவலை.

கனடாப் படைக்குள் இவர்களைச் சேர்த்துவிடுவது இலகு. ஆனால் தீவார் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்களுக்குத் தனிப் படையணி வேண்டும்" என்று நின்றார்கள். காக்கித் துணிகூட இருக்கவில்லை. காலில் சுற்றும் பட்டிக்குக் கையிலிருந்த கடும் நீலத் துணியைக் கிழித்துக் கொடுத்தார்கள். அதனாலேயே முதல் ஐந்நூறு பேருக்கு "நீலப்பட்டிக்காரர்" என்று பெயர் வந்தது. வறுமையால் வந்த பெயர், பின்னர் பரம்பரைப் பெருமையாக மாறியது. 1914 ஒக்டோபர் 4 ஆம் திகதி ஃப்ளோரிசெல் என்ற கப்பலில் ஏறிப் புறப்பட்டார்கள்.

பிரித்தானியாவில் மாதக்கணக்கில் பயிற்சி. எடின்பரோ கோட்டைக்குக் காவல் நின்றார்கள். தொப்பியில் சின்னமாக ஒரு கரிபூ மானின் தலை. அவர்கள் தீவின் காட்டு மான் அது.

இவர்கள் முதலில் போரிட்டது நம்முடைய வாசகர்கள் நன்றாக அறிந்த ஓர் இடத்தில்: கலிபோலி. உஸ்மானிய சாம்ராஜ்யத்தின் வாசற்படி. 1915 செப்டெம்பர் 20 ஆம் திகதி சுவ்லா குடாவில் இறங்கினார்கள். வட அமெரிக்காவிலிருந்து அந்தப் போர்க்களத்துக்கு வந்த ஒரே காலாட்படை இதுதான். (நம் நாட்டிலிருந்தும் வெள்ளைக்காரத் தோட்டத்துரைமாரின் ரைபிள் படையொன்று அதே கலிபோலிக்குப் போனது, அது வேறொரு நாளைக்கு.)

கலிபோலி என்றால் நாம் சனாக்கலே வெற்றியைப் பேசுவோம், முஸ்தபா கமாலைப் பேசுவோம். எதிர்ப்பக்கத்து அகழிக்குள் எட்டிப் பார்ப்பது குறைவு. அங்கே இருந்தவர்களில் பலர் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த வீடுகளின் பிள்ளைகள். தாங்கள் ஏன் அனத்தோலியாவின் விவசாயியைச் சுடுகிறோம் என்று அவர்களுக்கும் தெரியாது, தன்னைச் சுடுபவன் எந்தத் தீவிலிருந்து வந்தான் என்று அந்த விவசாயிக்கும் தெரியாது. இரண்டு பக்கத்தையும் ஈ மொய்த்தது, வயிற்றோட்டம் வாட்டியது. நவம்பர் கடைசியில் பெரும் மழை அகழிகளை நிரப்பியது. அதன் பின்னால் கடும் உறைபனி வந்தது. பலருக்குக் கால் விறைத்துப் போனது. அங்கே இழந்தது சுமார் 40 பேரை, நோயில் போனவர்களையும் சேர்த்து. படை பின்வாங்கியபோது கடைசியாக வெளியேறியவர்களில் இவர்களும் இருந்தார்கள். இவர்கள் பிடித்த ஒரு மேட்டுக்குக் கரிபூ குன்று என்று பெயர் வைத்தார்கள். அண்மையில், நூற்றாண்டு கடந்த பிறகு, துருக்கி மண்ணிலேயே ஒரு வெண்கலக் கரிபூ நிறுவப்பட்டிருக்கிறது. படையெடுத்து வந்தவனின் நினைவுச்சின்னத்துக்குத் தன் மண்ணில் இடம் கொடுத்த துருக்கியரின் பெருந்தன்மையை நான் மதிக்கிறேன்.

இனி அந்த நாளுக்கு வருவோம்.

1916 ஜூலை 1, சனிக்கிழமை, பிரான்ஸின் சொம் பிரதேசம். இடம் போமொன்ட் ஹமெல் என்ற சின்னக் கிராமத்துக்கு முன்னால் இருந்த ஒரு சரிவு. திட்டம் சுருக்கமாக இது: ஒரு கிழமையாக பீரங்கி அடித்து ஜெர்மானிய அகழிகளையும் முட்கம்பியையும் நாசமாக்குவது, காலை 7.30க்குக் காலாட்படை எழுந்து நடந்து போய் இடத்தைப் பிடிப்பது. ஆனால் ஜெர்மானியர் மண்ணுக்குள் ஆழமாகத் தோண்டியிருந்தார்கள். ஷெல் மேலே வெடித்தது, ஆட்கள் கீழே உயிரோடு இருந்தார்கள். அது போதாதென்று, பக்கத்திலிருந்த ஹோதோர்ன் மேட்டின் அடியில் புதைத்திருந்த பெரிய கண்ணிவெடியை 7.20க்கே வெடிக்க வைத்தார்கள். தாக்குதலுக்குப் பத்து நிமிடம் முன்னதாக. "வருகிறோம், ஆயத்தமாகு" என்று எதிரிக்குச் சொல்லி அனுப்பியதற்குச் சமம். ஜெர்மானியர் மேலே ஏறி இயந்திரத் துப்பாக்கிகளைப் பூட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

முதல் அலை அழிந்தது. எதிர்ப்பக்கம் எழுந்த ஒரு வெள்ளை வெளிச்சக் குண்டைப் பார்த்து, "நம் ஆட்கள் உள்ளே போய்விட்டார்கள்" என்று பின்னாலிருந்த தலைமையகம் தவறாகக் கணக்குப் போட்டது. ஆகவே அடுத்ததாக நியூபவுண்ட்லாந்துக்காரர்களையும் எசெக்ஸ் படையணியையும் அனுப்பச் சொன்னார்கள். முன்னணி அகழிக்குப் போகும் வழியெல்லாம் பிணங்களாலும் காயப்பட்டவர்களாலும் அடைபட்டுக் கிடந்தது. எசெக்ஸ் ஆட்கள் அதற்குள் சிக்கிக்கொண்டார்கள். நியூபவுண்ட்லாந்து படையணியின் கட்டளை அதிகாரி ஹாடோ, ஓர் ஆங்கிலேயர், தன் ஆட்களைப் பின்னகழியிலிருந்தே வெட்டவெளியில் ஏறி நடக்கச் சொன்னார். நேரம் 9.15.

அதாவது, எதிரியைச் சந்திக்கும் முன்னரே, தங்கள் சொந்த முன்னணி அகழியை அடையவே சுமார் 250 யார் திறந்த வெளியில் நடக்க வேண்டும். அதன் பிறகு சொந்த முட்கம்பியில் வெட்டிவிட்டிருந்த ஒடுக்கமான இடைவெளிகளால் நுழைய வேண்டும். எதிரியின் துப்பாக்கிகள் அந்த இடைவெளிகளையே குறி பார்த்திருந்தன. அந்த நேரத்தில் அந்தப் பகுதியில் வேறு யாரும் நகரவில்லை. எல்லாத் துப்பாக்கியும் இவர்கள் மேல்தான். முதுகில் பாரச் சுமை. வானத்திலிருந்து அடையாளம் காண்பதற்கென்று ஒவ்வொருவர் முதுகிலும் ஒரு தகர முக்கோணம் தைத்திருந்தார்கள்; அன்று வெயில் வேறு. பார்த்தவர்கள் பின்னர் சொன்ன ஒரு விசயம் மனதை விட்டுப் போகாது: அவர்கள் நாடியை நெஞ்சோடு ஒடுக்கிக்கொண்டு, பனிப்புயலுக்கு எதிராக நடப்பது போல நடந்தார்களாம். ஊரில் அவர்கள் பழகிய நடை அது.

அரை மணித்தியாலத்துக்குள் முடிந்தது. முன்னேறியவர்கள் ஏறக்குறைய 800 பேர். அடுத்த நாள் காலை பெயர் கூப்பிட்டபோது பதில் சொன்னவர்கள் 68 பேர். இறந்தவர்களும் காணாமல் போய் இறந்ததாக முடிவு செய்யப்பட்டவர்களும் 324. காயப்பட்டவர்கள் 386. அகழியை விட்டு ஏறிய அதிகாரிகளில் ஒருவர்கூடத் தப்பவில்லை. கொல்லப்பட்டார்கள் அல்லது காயப்பட்டார்கள். ஏர் என்ற வியாபாரக் குடும்பத்தில் மட்டும் சகோதரர்களும் ஒன்றுவிட்ட சகோதரர்களுமாக நான்கு பேர் அன்றே போனார்கள். அதில் மூவர் இந்தப் படையணி, ஒருவர் அதே நாளில் வேறொரு ஆங்கிலேயப் படையணியில்.

ஃபிரான்சிஸ் லிண்ட் என்று ஒரு சிப்பாய் இருந்தார். அகழியிலிருந்து சென்ற் ஜோன்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவார். "மாயோ" என்ற நம் ஊர்ப் புகையிலை இங்கே கிடைக்கவில்லை என்று ஒரு தடவை எழுதப்போக, கம்பனி பெட்டி பெட்டியாக அனுப்பியது. அன்றிலிருந்து அவர் "மாயோ லிண்ட்". கடைசிக் கடிதம் தாக்குதலுக்கு இரண்டு நாள் முன்னர் எழுதியது. தீவே அவர் கடிதத்துக்குக் காத்திருந்தது. ஜூலையில் கடிதம் வரவில்லை.

செய்தி ஊருக்குப் போன விதம் இன்னொரு கொடுமை. முதலில் பத்திரிகைகளில் பெரும் வெற்றி என்றுதான் வந்தது. பிறகு தந்திகள், துளித்துளியாக, கிழமைக்கணக்கில். வீதி இல்லாத கரையோர ஊர்களுக்குத் தந்தி பாதிரியாரின் கையில் போகும். அவர் எந்த வீட்டுக் கதவை நோக்கி நடக்கிறார் என்று ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கும்.

மேலதிகாரிகள் வீரத்தைப் பாராட்டி எழுதினார்கள். முன்னேற முடியாமல் போனதற்குக் காரணம், இறந்தவர்களால் முன்னேற முடியாது என்பதுதான் என்ற கருத்தில் ஒரு வாசகம் பிரபலமானது. அழகான வாசகம்தான். ஆனால் "வீரம்" என்ற சொல்லை யார் சொல்கிறார் என்று கவனிக்க வேண்டும். அனுப்பியவனே அந்தச் சொல்லைச் சொன்னால், ஏன் அனுப்பினாய் என்ற கேள்வி அதற்குள் மூடுண்டு போகிறது. பத்து நிமிடம் முந்திய கண்ணிவெடிக்கும் தவறாக வாசித்த வெளிச்சக் குண்டுக்கும் பொறுப்புக் கூறியவர் எவருமில்லை.

படையணி அத்தோடு முடிந்துவிடவில்லை. புது ஆட்கள் வந்து நிரம்பினார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் கியூடகோர்ட்டில் வென்றார்கள். 1917 ஏப்ரலில் மொன்சி என்ற கிராமத்தில் படையணி மீண்டும் நொறுங்கியபோது, கட்டளை அதிகாரி உட்பட ஒரு கைப்பிடி ஆட்கள் மட்டும் மணிக்கணக்காகச் சுட்டுச் சுட்டு ஜெர்மானியரைத் தடுத்து நிறுத்தினார்கள். இதற்குச் சில நாட்களுக்கு முன்னர், கொஞ்ச மைல் தள்ளி விமி மேட்டைக் கனடியர்கள் பிடித்திருந்தார்கள். கனடாப் பாடப்புத்தகங்கள் விமியில்தான் கனடா என்ற தேசம் பிறந்தது என்று எழுதும். ஒரே சண்டையின் பக்கத்துப் பக்கத்துக் களங்கள். ஒருவருக்கு அது பிறந்த கதை. கடைசியில் இருவரும் ஒரே நாடு.

நவம்பரில் மஸ்னியேர் சண்டை. லப்ரடோரைச் சேர்ந்த இனுயிட் இனத்துக் குறிசுடுநர் ஜோன் ஷிவாக் அங்கேதான் விழுந்தார். அதன் பிறகு டிசம்பரில் "ரோயல்" பட்டம். யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே அந்தப் பட்டம் பெற்றது அந்த யுத்தத்தில் இந்த ஒரு படையணிதான். 1918 ஒக்டோபரில் பெல்ஜியத்தில் தொமி ரிக்கெற்ஸ் என்ற பையன் விக்டோரியா சிலுவை பெற்றான். வயது 17. வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்தவன். சண்டை முடிந்து ஊருக்கு வந்து படித்தான், சென்ற் ஜோன்ஸில் ஒரு பாமசி வைத்தான். வீரகாவியம் கேட்டு வருபவர்களிடம் முகம் கொடுத்துக் கதைக்கவே மாட்டாராம். 1967 இல் இறக்கும் வரை மருந்து கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த மனிதர். என் உயர்தர மாணவர்களுக்கு இவரைத்தான் முதலில் சொல்வேன்.

மொத்தமாக 6,200க்கும் அதிகமானோர் படையணியில் சேர்ந்தார்கள், சுமார் 1,300 பேர் திரும்பவில்லை. அந்தச் சனத்தொகைக்கு அது எவ்வளவு என்று நீங்களே கணக்குப் பாருங்கள். 1918 இல் விரும்பி வருபவர்கள் குறைந்துபோய் கட்டாய சேவைச் சட்டமும் கொண்டுவந்தார்கள். அதையும் சொல்லாமல் வீரத்தை மட்டும் சொன்னால் வரலாறு அரைகுறை.

யுத்தம் முடிந்ததும் 1919 இல் படையணி கலைக்கப்பட்டது. அதன் பிறகு நாடே கலைந்தது. யுத்தக் கடன், அதற்கு முன்பே இரயில் பாதைக்கு வாங்கிய கடன், 1930களின் பொருளாதார மந்தத்தில் விழுந்த மீன் விலை. 1934 இல் நியூபவுண்ட்லாந்து தன் பாராளுமன்றத்தைத் தானே மூடி, லண்டன் நியமித்த ஆணைக்குழுவிடம் ஆட்சியை ஒப்படைத்தது. கடன் கட்ட முடியாமல் சுயாட்சியை விட்டுக்கொடுத்த நாடு. 2022 ஐப் பார்த்தவர்களுக்கு இந்த வரி கொஞ்சம் உறைக்கும். 1948 இல் வாக்கெடுப்பு. கனடாவோடு சேர்வதற்கு ஆதரவு 52 வீதத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். 1949 இல் கனடாவின் பத்தாவது மாகாணம்.

போமொன்ட் ஹமெலில் நாட்டின் தலைவர்களாக வரவேண்டியவர்கள் செத்ததால்தான் நாடு விழுந்தது என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. முழுதாக நான் ஏற்கமாட்டேன். கடனும் மீன் விலையும்தான் கணக்கில் பெரிய இலக்கங்கள். ஆனால் மக்கள் ஏன் அப்படி நம்ப விரும்பினார்கள் என்பது விளங்குகிறது. இழந்த நாட்டுக்கு ஒரு கப்று வேண்டும். அவர்களுக்கு அது பிரான்ஸில் கிடைத்தது.

அந்தப் போர்க்களத்தை அவர்கள் விலைக்கு வாங்கினார்கள். படையணியின் கத்தோலிக்கப் பாதிரியார் தோமஸ் நாங்கிள் பிரெஞ்சு விவசாயிகளிடம் துண்டு துண்டாகக் காணி சேர்த்தார். அகழிகள் இன்றும் புல் மூடி அப்படியே கிடக்கின்றன. மேட்டின் மேல் வெண்கலக் கரிபூ, எதிரி இருந்த திசையைப் பார்த்தபடி. அடியில், கப்று இல்லாத 800க்கும் அதிகமானவர்களின் பெயர்கள். 1925 இல் இதைத் திறந்து வைத்தவர் யார் தெரியுமா? அந்தத் தாக்குதலுக்கு மேல் பொறுப்பாக இருந்த பிரதம தளபதி ஹேக். சென்ற் ஜோன்ஸ் நினைவுத்தூபியையும் 1924 இல் அவரே திறந்தார். கூட்டத்தில் நின்ற தாய்மார் என்ன நினைத்திருப்பார்கள் என்று எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை.

அதே 1925 இல் இன்னொன்றும் செய்தார்கள். இறந்தவர்கள் நினைவாக ஒரு கல்லூரி. இன்றைக்கு அது மெமோரியல் பல்கலைக்கழகம். பெயரே "நினைவு" என்றுதான். சபைக்கொரு பாடசாலை இருந்த தீவில், எல்லாச் சபைப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் படித்த இடம். எத்தனையோ நாடுகளின் போர்ச் சின்னங்களைப் பற்றி வாசித்திருக்கிறேன். இந்த ஒன்றைப் பார்த்துத்தான் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

1949 இல் கனடாவோடு சேர்ந்த கையோடு படையணி திரும்ப உருவாக்கப்பட்டது, கனடாவின் பகுதிநேரச் சேமப் படையாக. நாடு போய்விட்டது, பாராளுமன்றம் போய்விட்டது, ஆனால் கரிபூத் தலை தொப்பியில் திரும்பி வந்தது. புதிய நாட்டின் பிறந்தநாளும் பழைய நாட்டின் துக்கநாளும் ஒரே திகதியில் விழுந்ததற்கு யாரும் திட்டம் போடவில்லை. "இனி நீங்கள் கனடியர், துக்கத்தை வேறு நாளுக்கு மாற்றுங்கள்" என்று ஒட்டாவா கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நம் நாட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. நாளைப் பிரித்துக்கொண்டார்கள், காலை உங்களுக்கு, மாலை எல்லாருக்கும் என்று. அந்த நீலப் பூவின் பெயர் "ஃபொர்கெட் மீ நொட்", என்னை மறவாதே. கனடாவின் மற்ற மாகாணங்கள் நவம்பரில் சிவப்புப் பொப்பிப் பூ குத்தும். இவர்கள் இரண்டையும் குத்துகிறார்கள், அதனதன் நாளில்.

2024 மே மாதம், பெயர் தெரியாத ஒரு நியூபவுண்ட்லாந்துச் சிப்பாயின் எலும்புகள் வட பிரான்ஸிலிருந்து விமானத்தில் ஊருக்குக் கொண்டுவரப்பட்டன. கனடாவுக்கென்று ஒட்டாவாவில் ஏற்கெனவே ஓர் அறியப்படாத சிப்பாயின் கல்லறை இருக்கிறது. வழமையாக நாட்டுக்கு ஒன்றுதான். இவர் வேறொரு நாட்டின் சிப்பாய், அந்த நாடு இப்போது இல்லை என்பதால் இரண்டாவதுக்கு இடம் கிடைத்தது. ஜூலை முதலாம் திகதி காலை, சென்ற் ஜோன்ஸ் துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் அந்தப் பழைய தூபியின் அடியில் அவரை அடக்கினார்கள். கரிபூச் சின்னம் அணிந்த படையணிக்காரர்கள் பக்கத்தில் நின்றார்கள். எந்த ஊர், எந்தச் சபை, யாருடைய பிள்ளை என்று ஒருவருக்கும் தெரியாது.